பசை காயும் நேரம்

அத்தான் இறந்தபோது, சிங்கப்பூரிலிருந்து அவர் மகள் வந்து சேரும் வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு முழுப் பகல், ஒரு முழு இரவு, மறுநாள் மத்தியானம் வரை கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு அவர் இறந்ததைவிட இதுதான் நம்ப முடியாததாக இருந்தது.

"மனுஷன் ஒரே எடத்துல இவ்வளவு நேரம் இருந்து நான் பாத்ததே இல்லீங்க" என்றார் உரக்கடைக்காரர்.

அழுதுகொண்டிருந்த என் அக்கா, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி அழுதாள்.

உரக்கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரியில்லை. அத்தான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவர் பக்கத்தில் நான் இருந்தேன்.

சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது. அத்தானுக்குக் காத்திருக்க வராது. டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். டீக்கடைக்காரர் ஆற்றுவதற்குக் கையைத் தூக்கும்போதே கிளாஸைப் பிடுங்கிக்கொள்வார். "ஆறவைக்கத்தான் வாய் இருக்குல்ல" என்பார். பாபநாசம் ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்க மாட்டார். வண்டியைத் திருப்பி, ஏதேதோ ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். கேட்டில் நின்றவர்கள் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "நின்னுக்கிட்டு இருக்கறதுக்கு ஓடிக்கிட்டாவது இருக்கலாம்ல" என்பார்.

சினிமாவுக்குப் போனால் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்துவிடுவார். ஸ்டாண்டிலிருந்து வண்டியை முதல் ஆளாக எடுக்க வேண்டுமாம். அக்கா உள்ளே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வருவாள். வழியெல்லாம், "கடைசியில என்ன ஆச்சு? அவன் செத்தானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

அடுத்தவர் பேச்சையும் அவரே முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக. ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "நம்ம பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நிச்சயம் ஆயிடுச்சா? ரொம்ப சந்தோஷம். குடும்பத்தோட வந்துடறோம்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் அத்தான்.

வந்தவர் தன் பெண்ணுக்கு டைஃபாய்டு என்று சொல்ல வந்தவர்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான். கேசரித் தட்டு இன்னும் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மழையைப் பற்றியும் மேட்டூர்த் தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் அப்பாவைப் பார்த்து, "எனக்குப் புடிச்சிருக்குங்க. என்னிக்கு வெச்சுக்கலாம்?" என்றார். சுற்றி வந்த கேசரித் தட்டு பாதியில் நின்றது. அப்பாவுக்கு மட்டும் பிடித்துப்போனது. "காரியக்காரன்" என்று அன்றைக்கு அவருக்குப் பெயர் வைத்தார். கடைசி வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியக்காரர்தான். குடமுருட்டி ஆற்றங்கரையோரம் இருந்த அவர் நிலத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் முதல் நடவு, முதல் அறுப்பு. கதிரில் பச்சை இருக்கும்போதே மிஷினை இறக்கிவிடுவார். ஊரே சிரிக்கும். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பயிரெல்லாம் படுக்கும்போது, அவர் நெல் மூட்டையில் இருக்கும். இப்படிச் சில வருஷம் நடந்ததால், அவருடைய அவசரத்தை ஊரில் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

நான் சொல்வேன். எனக்குக் காரணம் இருந்தது.

என் அப்பா இறந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். அப்பாவுக்கு நான் ஒரே மகன். டிக்கெட் கிடைத்துவிட்டது, மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னேன். "சரி, வா மாப்ள" என்றார் அத்தான். திருச்சியில் இறங்கி, டாக்சி பிடித்து, சொன்ன நேரத்துக்கு வந்தேன். வாசல் கழுவிவிட்டிருந்தது. மத்தியானமே எடுத்துவிட்டார்கள். என் பெரியப்பா மகன் கொள்ளி வைத்து, குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பாவம், அவன் என்ன செய்வான்.

அத்தான் என்னிடம் ஒரு காரணம் சொன்னார், அக்காவிடம் ஒன்று, ஊருக்கு ஒன்று. பெட்டி சரியாக வேலை செய்யவில்லை. மழை வரும் போலிருந்தது. மறுநாள் நாள் சரியில்லை. அன்றைக்கு மழை பெய்யவில்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று அதை வாடகைக்கு விட்டவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கும் அத்தானுக்கும் சண்டை எதுவும் வரவில்லை. மரியாதை வந்துவிட்டது. 'வா மாப்ள' என்றிருந்தவர் 'வாங்க மாப்ள' என்று சொல்ல ஆரம்பித்தார். நான் 'வரேங்க' என்றேன். நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொள்வோம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவ்வளவுதான். மஸ்கட் வேலை முடிந்து நான் ஊரோடு வந்து அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தபோதும் அது மாறவில்லை.

நாற்று பறித்துக்கொண்டிருந்த ஒரு புரட்டாசி நாளில் அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. கூட இருந்த வேலையாள், "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றிருக்கிறார். "அந்தப் பத்து நிமிஷம் எவன் நிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அத்தான் தன் வண்டியிலேயே தஞ்சாவூருக்குப் போனார். ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி, பூட்டி, டோக்கன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், "நெஞ்சு வலி. சீக்கிரம் பாருங்க" என்றிருக்கிறார். வாழ்க்கையில் அவர் அவசரத்தை ஒத்துக்கொண்டு, அவரைவிட வேகமாக ஓடியவர்கள் அந்த டாக்டர்கள்தான். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சொன்னார்: "நீங்க வண்டி ஓட்டிக்கிட்டு வந்ததுக்கு, நியாயமா வழியிலேயே போயிருக்கணும்."

"எங்க போயிருக்கணும்?" என்றார் அத்தான்.

தை மாதம் வரை வண்டி எடுக்கக் கூடாது, வயலில் இறங்கக் கூடாது, வீட்டில் உட்கார வேண்டும் என்பது உத்தரவு. அக்கா வண்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு என்னைத் தேடி வந்தாள்.

"நடவு நிக்குதுடா தம்பி. நான் போய்த்தான் பாக்கணும். நான் அந்தப் பக்கம் போனா அவரு இந்தப் பக்கம் கெளம்பிடுவாரு. நீ சும்மாத்தானே இருக்க, வந்து உக்காந்துக்கயேன்."

"எனக்கும் அவருக்கும் என்னக்கா பேச்சு இருக்கு?"

"பேச வேணாம். வாசக்கதவுகிட்ட சேரைப் போட்டு உக்காரு. தாண்டிப் போகாம பாத்துக்க. போதும்."

அப்படித்தான் நான் என் அத்தானுக்குக் காவலாளி ஆனேன். காலையில் போவேன். வாசற்கதவருகே நாற்காலி. அவர் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பார். கொல்லையில் சுவர் ஏறிக் குதிக்க முடியுமா என்று அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவர் பார்ப்பார். "சாப்டீங்களா?" என்பார்.

இந்த நிலையில்தான் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டி வந்தது.

மகள் யாரோ ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பெட்டியின் மேல் ஒரு போர் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் படம். உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் மட்டும் இருந்தன. மீன் முள்ளில் சதை ஒட்டியிருப்பதுபோல அவற்றில் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு பசைக் குப்பி. வழிமுறைத் தாள் முழுக்கப் படங்கள்.

வீடியோவில் மகள் வந்தாள். "அப்பா, ஒவ்வொரு துண்டா வெட்டி எடுத்து ஒட்டணும். அவசரமே இல்ல. ஒண்ணு ஒட்டினா அது காயற வரைக்கும் அடுத்ததைத் தொடக் கூடாது. அதான் முக்கியம்."

"தொட்டா?"

"தொடக் கூடாதுப்பா."

"சரி, சரி" என்று அவள் பேசி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் விமானம் தயாராகிவிட்டது. நகவெட்டியால் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் குவித்தார். குவித்த பிறகு எது எந்த எண் என்று தெரியவில்லை. ஜாடை பார்த்து ஒட்டினார். பெட்டியோடு வந்த பசை காய நேரமாகிறது என்று, செருப்பு ஒட்ட வைத்திருந்த உடனடிப் பசையை எடுத்தார். அது பட்டதும் விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வரும் கண்ணாடி மூடி, பால் ஊற்றியதுபோல வெள்ளையாகப் பூத்துவிட்டது. டிராக்டர் மட்காடுக்கு வாங்கி மீந்திருந்த பச்சைப் பெயின்டை அடித்தார். அது காய்வதற்கு மகளின் பழைய ஹேர் டிரையரைப் பிடித்தார். பெயின்ட் காய்ந்தது. இறக்கையும் சேர்ந்து வளைந்தது. ஒரு இறக்கை கும்பிட்டது, இன்னொன்று டாட்டா காட்டியது. கீழே வைத்தால் மூன்று சக்கரத்தில் நிற்க வேண்டிய விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது.

வயலிலிருந்து வந்த அக்கா கால் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"என்னங்க இது, நாய் மாதிரி உக்காந்திருக்கு?"

"அது அப்படித்தான். பெட்டியிலயே கோளாறு" என்றார் அத்தான்.

மகள் கோளாறு பற்றி எதுவும் கேட்கவில்லை. சில வாரங்களில் அதே பெட்டி, அதே விமானம், மறுபடி வந்தது. "இன்னொருக்கப் போடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் பிறந்தவள்தானா என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பொறுமை.

இரண்டாவது பெட்டியை அத்தான் உடனே பிரிக்கவில்லை. வாலில் உட்கார்ந்தது அவரைப் பாதித்திருந்தது. போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் விமானம் ஒட்டும் வீடியோக்களைத் தேடிப் பார்த்தார். இரட்டை வேகத்தில் வைத்துப் பார்த்தார். அதில் அந்த வெள்ளைக்காரர் கைகள் பேய் பிடித்ததுபோல ஓடின. அத்தான் திருப்தியாக, "நம்ம வேகம்தான் இவரும்" என்றார்.

அது என்னிடம் சொன்னதா, போனிடம் சொன்னதா என்று தெரியவில்லை. ஆனால் நான், "வேகத்தைக் கொறச்சு வெச்சுப் பாருங்கத்தான்" என்று சொல்லிவிட்டேன். வாசலிலிருந்து எழுந்து வந்து நானே குறைத்தும் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, வெள்ளைக்காரர் ஒவ்வொரு துண்டு ஒட்டிய பிறகும் எழுந்து போய்விடுகிறார். அடுத்த துண்டு ஒட்டும்போது வேறு சட்டை போட்டிருக்கிறார்.

"மறுநாளா அது?" என்றார் அத்தான்.

"சட்டை மாறியிருக்கே."

வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பிறகு, "நாய் மாதிரி ஏன் உக்காந்துச்சுன்னு சொல்றானா பாருங்க" என்றார். வெள்ளைக்காரர் சொன்னார். விமானத்தின் மூக்குக்குள் கனம் வைத்து மூட வேண்டுமாம். தாளிலும் அந்தப் படம் இருந்தது. அத்தான் முதல் தடவை அதைத் தாண்டிப் போயிருந்தார். மீன் பிடிக்கிறவர் ஒருவரிடம் கேட்டு, வலையில் கோக்கும் ஈயக்குண்டு கொஞ்சம் வாங்கி வந்தேன்.

இனி நான் வாசலில் உட்கார வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு மாறிவிட்டேன். அவர் வெட்டுவார், நான் உப்புத்தாளில் தேய்ப்பேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை. விமானி உட்காரும் இருக்கைக்கு ஒரு நாள். விமானிக்குத் தலை ஒட்ட ஒரு நாள். தலை கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிவிட்டது. "எவளையோ பாக்கறான், விடுங்க" என்றார் அத்தான். அக்கா நடவு முடித்து, களை எடுத்து, உரம் போட்டு, மழையில் வாய்க்கால் உடைந்து அதை அடைத்து, இப்படி ஒரு முழுச் சம்பாவையும் வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஒரு உள்ளங்கை விமானம் வளர்ந்தது. எப்போதாவது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நிஜப் போர் விமானம் எங்கள் தலைக்கு மேல் போகும். சத்தம் கேட்டு நாங்கள் கொல்லைக்கு ஓடினால் வானம் காலியாக இருக்கும். அத்தானுக்கு அந்த வேகத்தின் மேல் மரியாதை.

உடம்பை ஒட்டும் நாள் வந்தது. விமானத்தின் உடம்பு நீளவாக்கில் இரண்டு பாதி. ஈயக்குண்டை மூக்கில் வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து, காயும் வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். துணிக் கிளிப் போட்டுப் பார்த்தார், வழுக்கியது. ரப்பர் பேண்டு போட்டார், நடுவில் பிளந்துகொண்டது.

"மாப்ள, உங்க கையக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் விமானத்தை வைத்து அமுக்கிக்கொண்டேன். அவர் மெல்லிய குச்சியால் இடுக்கில் பசையை இழுத்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் புடிக்கணும்?"

"காயற வரைக்கும்."

"எப்பக் காயும்?"

"இதை நான் கேக்கறதுதானே வழக்கம்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தார். வெளியே அடைமழை. கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நடப்பார் என்று நினைத்தேன், நடக்கவில்லை.

"உங்க அப்பா விஷயம்" என்றார்.

நான் விமானத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

"பெட்டி நல்லாத்தான் ஓடிச்சு."

"தெரியும்."

"மழையும் இல்ல."

"தெரியும் அத்தான்."

"நாள் கிள் எல்லாம் நானா சொன்னது. ஒரு காரணமும் இல்ல மாப்ள. என்னால உக்கார முடியல. காலையிலேருந்து உக்காந்தேன், எழுந்தேன், தெருவுக்குப் போனேன், வந்தேன். நீங்க வர்றதுக்கு இன்னும் அவ்வளவு நேரம் இருந்துச்சு. எடுத்துடலாம்னு சொல்லிட்டேன். நான் ஒண்ணு சொன்னா அந்த வீட்ல எல்லாரும் கேப்பாங்க. கேட்டுட்டாங்க."

இந்தப் பேச்சு என்றாவது வரும் என்று எத்தனையோ வருஷம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவர் சட்டையைப் பிடிக்கிறேன். ஒன்றில் அக்காவைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்கிறேன். ஒன்றில் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறேன், பிறகு அந்த வாசற்படியை மிதிப்பதே இல்லை. எதிலும் என் இரண்டு கைக்கும் நடுவில் விமானம் இல்லை.

என் பிடி தளர்ந்தது. மூக்குப் பக்கம் லேசாகத் திறந்தது.

"விட்டுடாதீங்க. இன்னும் காயல" என்றார் அத்தான்.

விடவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் ஏன் விடவில்லை என்று தெரியவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மழை நின்றது. அவர் குனிந்து இடுக்கை நகத்தால் தொட்டுப் பார்த்து, "ம்" என்றார். நான் விமானத்தை மேஜையில் வைத்துவிட்டு, கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் போகவில்லை. ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

"உனக்கும் அவருக்கும் என்னடா ஆச்சு?"

"ஏன், ஓடிட்டாரா?"

"ஓடினாத்தான் பரவால்லயே. அந்த டப்பாவைத் தொறக்கவே மாட்டேங்கறாரு. முன்னால வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்களே ஒட்ட வேண்டியதுதானேன்னு கேட்டா, இருக்கட்டும், மாப்ள வரட்டும்ங்கறாரு. எனக்குப் பயமா இருக்குடா. டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

மறுநாள் போனேன். மேஜையில் விமானத்தின் உடம்பு நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. இறக்கைகள் வெட்டப்படாமல் சட்டத்திலேயே இருந்தன. அத்தான் ஏறிட்டுப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் மன்னிக்கவில்லை.

"வா மாப்ள. எறக்கைக்கு என் ரெண்டு கை பத்தாது" என்றார்.

உட்கார்ந்து இறக்கையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு முன்னால் விமானம் முடிந்தது. உடம்பில் ஒட்டிய கோடு தெரியும். விமானி எவளையோதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மூன்று சக்கரத்தில் நின்றது. அத்தான் அதைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, மேஜை விளிம்பு அளவுக்குக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்களையும் அதேபோல் குனியச் சொன்னார். வயதானவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

தை பிறந்ததும் டாக்டர் வயலுக்குப் போகலாம் என்றார். அக்கா அரிசி டின்னிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவள் வளர்த்த பயிர் கதிர் வாங்கி, தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. மழை வரும் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து நிலத்தில் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. டைஃபாய்டு பெண்ணின் அப்பாதான் அந்த நிலத்துக்காரர். அவரே வந்து கூப்பிட்டார்.

"மிஷின் இங்கயே நிக்குது, உங்களுதையும் முடிச்சுடலாங்க. எப்பவும் நீங்கதானே முதல்ல?"

அத்தான் ஒரு கதிரை உருவி, நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் முத்தலீங்க. இருக்கட்டும்."

"மழைங்கறானே?"

"மழை வந்தா வருது. அவசரப்பட்டு அறுத்தா பாதி பதராப் போகும். காயட்டும், பாத்துக்கலாம்."

பக்கத்து நிலத்துக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியில தலைக்கு ஏதும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

மழை சொன்ன நாளில் வந்தது. சொன்னதைவிட நாலு மடங்கு வந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அறுத்து, நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அத்தானின் பயிர் நிலத்தோடு நிலமாகப் படுத்தது. கதிர் தண்ணீருக்குள் கிடந்தது. அக்கா வரப்பில் குடையோடு நின்று அதைப் பார்த்தாள். புரட்டாசியிலிருந்து அவள் அந்தச் சேற்றில் நின்றவள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அவசரப்பட்டீங்க, நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒரே ஒரு வருஷம் பொறுமையா இருந்தீங்க. அதுக்கு இந்த வருஷமாங்க கெடச்சுது?"

அத்தான் குனிந்து ஒரு கதிரைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தார். உண்மையில் அவர் செய்தது தப்பே இல்லை. முத்தாத நெல்லை அறுக்கக் கூடாதுதான். பழைய அத்தானாக இருந்திருந்தால், தப்பாகச் செய்து பிழைத்திருப்பார்.

மழை விட்ட மறுநாள் காலையில் வடிகால் வெட்டிவிட்டோம். தண்ணீர் வடிந்தால்தான் சேற்றில் போகும் பெல்ட் மிஷினை இறக்க முடியும். பாதியாவது தேறும் என்றார்கள். படுத்த கதிரை முடிந்தவரை அள்ளி, நாலைந்து தூராகச் சேர்த்து முடிச்சுப் போட்டு நிமிர்த்தினோம். பிறகு வேலை இல்லை. தண்ணீர் அதன் போக்கில் வடிந்துகொண்டிருந்தது. அத்தான் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எதற்காக அப்போது கேட்டேன் என்று தெரியவில்லை.

"அப்பா மொகம் எப்படி இருந்துச்சு அத்தான்?"

அவர் என் பேச்சை முடித்துவைக்கவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாடி இருந்துச்சு" என்றார். "நாலஞ்சு நாள் தாடி. ஷேவ் பண்ண ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. வர நேரமாச்சு. நான்தான் நிக்க மாட்டேனே. நானே சோப்பு போட்டுப் பண்ணிவிட்டேன். தாடையில ஒரு எடத்துல கீறிடுச்சு. துணியால ஒத்தினேன். துணியில ஒண்ணுமே ஒட்டல. ரத்தம் வரல மாப்ள. அப்பத்தான் எனக்கு, ஆளு நெஜமாவே போயிட்டாருன்னு உறைச்சுது."

வடிகாலில் தண்ணீர் சலசலத்தது.

"எந்தப் பக்கம் கீறிச்சு?"

"வலது பக்கம். இங்க." தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "அப்புறம் கண்ணு. ஒரு கண்ணு நல்லா மூடியிருந்துச்சு. எடது கண்ணு மூடல. நான் மூடுவேன், கைய எடுத்தா மறுபடி தொறந்துக்கும். தலைய வேற பக்கம் திருப்பி வெச்சுப் பாத்தேன். எப்படி வெச்சாலும் வாசலைப் பாத்தாப்லயே இருந்துச்சு. 'தம்பி வருவான்னு பாக்குறாரு'ன்னு உங்கக்கா சொல்லிட்டா. அவ அழுகையில சொன்னா. எனக்கு அதுக்கப்புறம் அந்தக் கூடத்துல இருக்க முடியல. எனக்கு ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கறதைப் பாக்கவும் முடியாது மாப்ள."

நான் பயிரைப் பார்த்தேன். முடிச்சுப் போட்ட கதிர்கள் அங்கங்கே நின்றுகொண்டிருந்தன.

அக்கா தூக்குச்சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே, மிஷின்காரன் மத்தியானம்தான் வருவானாம், டீசலுக்கு முன்பணம் கேட்கிறானாம், சோறு ஆறுகிறது, உட்கார்ந்தே இருந்தால் எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அத்தான் அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"இரு. கொஞ்சம் நில்லு. பேசிக்கிட்டிருக்கோம்."

அக்கா நின்றுவிட்டாள். அவர் யாரையும் நிற்கச் சொல்லி அவள் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஈர வரப்பிலேயே சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். அப்பாவுக்கு என்ன வேட்டி கட்டினார்கள், அதன் கரை என்ன நிறம், யார் யார் தூக்கினார்கள், ஆற்றுக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் தோள் மாற்றினார்கள், அப்பாவின் கால் கட்டைவிரல் நகம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். நான் கேட்காததையும் சொன்னார். தண்ணீர் வடிந்து தரை தெரிகிற வரை சொன்னார்.